திருப்பி மாட்டிய ஐம்பது

நவம்பர் 3

அக்கா,

போனில் கூப்பிட்டால் நீ எடுக்க மாட்டாய். எடுத்தாலும் மூன்றாவது வாக்கியத்தில் இருவரில் ஒருவர் வைத்துவிடுவோம். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தை நீ பாதியில் வைத்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.

சண்டைக்கு வரவில்லை. சமாதானத்துக்கும் வரவில்லை. லென்ஸ் பற்றி ஒரு சந்தேகம் கேட்க வந்திருக்கிறேன்.

இங்கே நாற்றுப் பண்ணையில் மூன்றாம் பசுமைக்குடில் என் பொறுப்பு என்பது உனக்குத் தெரியும். அதில் நிற்பவை என் வெள்ளரிக் கொடிகள். குளிர்காலத்திலும் காய்க்கிற, கசக்காத வெள்ளரி ஒன்று வேண்டும் என்று வந்த நாளிலிருந்து விதை பொறுக்கி விதை பொறுக்கி வளர்த்துக்கொண்டிருக்கிறேன். இந்தக் குளிரில்தான் முதல் வரிசைக் கொடிகள் நான் நினைத்த மாதிரி காய் பிடித்திருக்கின்றன. அந்த நேரம் பார்த்து இலையில் சிலந்திப் பேன் வந்துவிட்டது. ஊசி முனை அளவுதான் இருக்கும். ஆனால் சாற்றை உறிஞ்சி இலையைச் சல்லடை ஆக்கிவிடும்.

நான் சும்மா இருக்கவில்லை. அந்தப் பேனைத் தின்னுகிற இன்னொரு வகைப் பேன் புட்டியில் விற்கிறார்கள். நல்ல பேன் என்று வைத்துக்கொள். வாங்கி விட்டேன். கெட்டது வெளிர்பச்சை, நல்லது சிவப்பு. இப்போது இலைக்கு அடியில் பார்த்தால் சிவப்பாகத்தான் நிறைய இருக்கின்றன. என் ஆட்கள் ஜெயிக்கிறார்கள் என்று நான் சொல்கிறேன். முதலாளி நம்பவில்லை. "செவப்பா இருந்தா நல்லதுன்னு அது நெத்தியில எழுதியிருக்காம்மா?" என்று கேட்கிறார். மாதக் கடைசிக்குள் நிரூபிக்காவிட்டால் மூன்றாம் குடிலை மொத்தமாகப் பிடுங்கி எரித்துவிட்டுப் புகை போட வேண்டும் என்கிறார்.

ஆராய்ச்சி நிலையத்தில் பேன்களைப் பற்றியே படித்த ஒருவர் இருக்கிறார். பேனைப் பிடித்து அனுப்பினால் வரிசையில் காத்திருக்க வேண்டுமாம். காலும் முதுகும் தெளிவாகத் தெரியும்படி படம் அனுப்பினால் அன்றே சொல்லிவிடுவாராம். போனில் எடுத்துப் பார்த்தேன். சிவப்புப் புள்ளி. பூதக்கண்ணாடியை போனுக்கு முன்னால் வைத்து எடுத்தேன். கொஞ்சம் பெரிய சிவப்புப் புள்ளி.

நீ கொடுத்த பழைய கேமராவைப் போன வாரம் துடைக்க உட்கார்ந்தேன். ஐம்பது எம்.எம். லென்ஸைக் கழற்றி, விளையாட்டாகத் திருப்பி, பின்பக்கம் வெளியே தெரிய கேமராவின் வாயில் பிடித்தேன். என் சட்டையின் நூல்கள் கயிறு கயிறாகத் தெரிந்தன. பயந்தே போனேன். இப்படி எடுக்கலாமா? கேமரா கெட்டுவிடுமா? இதைவிடப் பெரிதாக்க வழி உண்டா?

சுண்டு


நவம்பர் 9

சுண்டு,

முழுக்கப் படித்தேன். அந்தத் திருப்தியை உனக்குக் கொடுத்துவிடுகிறேன்.

சின்ன வயதில் உன் தலையில் நான் பார்த்த பேன் போதாதா? இப்போது வெள்ளரிக்கும் பார்க்க வேண்டுமா?

நீ கண்டுபிடித்தது புதிது இல்லை. லென்ஸ் வெளியே இருக்கிற பெரியதை உள்ளே சின்னதாக்கிக் கொடுக்கிறது. அதைத் திருப்பினால் சின்னதைப் பெரியதாக்கும். கையில் பிடித்துக்கொண்டு எடுக்காதே, இடுக்கு வழியாகத் தூசி உள்ளே போகும். ரிவர்ஸ் ரிங் என்று ஒரு வளையம் எந்தக் கேமரா கடையிலும் கிடைக்கும், அதைப் போட்டு மாட்டு. ஐம்பது பழைய லென்ஸ் என்பதால், வெளிச்சம் நுழைகிற துளையைக் கூட்டிக் குறைக்கிற அப்பர்ச்சர் வளையம் அதிலேயே இருக்கிறது. புது லென்ஸாக இருந்தால் திருப்பியதும் கேமராவின் பேச்சைக் கேட்காது. இது யார் பேச்சையும் கேட்டதில்லை, அதனால் பிரச்சினை இல்லை.

முக்கியமான விஷயம். லென்ஸின் பின் கண்ணாடி எப்போதும் கேமராவுக்குள் பத்திரமாக இருக்கிற பொருள். திருப்பினால் அதுதான் வெளியே வரும். வெள்ளரித் தண்டில் முள் மாதிரி சுணை இருக்கும் அல்லவா? அதில் உரசினால் லென்ஸ் போயிற்று. எடுக்காத நேரத்தில் மூடி போட்டு வை.

இது போதாது என்றால் இரண்டு லென்ஸ் வேண்டும். கேமராவில் ஒரு நீள லென்ஸ், அதன் மூக்கோடு மூக்காக ஐம்பதைத் திருப்பி மாட்டுவது. இருநூறு எம்.எம்.மை ஐம்பதால் வகுத்தால் நாலு. அத்தனை மடங்கு. உன் பேனுக்கு அதுதான் சரி. இருநூறு என்னிடம் இருக்கிறது. தர மாட்டேன். பள்ளிக்கூட விழா, மேடைக் கச்சேரி எல்லாம் அதை வைத்துத்தான் எடுக்கிறேன்.

இன்றைக்கு ஸ்டூடியோவுக்கு ஒருவர் வந்தார். அடையாள அட்டைக்குப் படம். "மூக்குப் பக்கத்துல இருக்கிற மச்சத்த எடுத்துடுங்க, பாக்க நல்லால்ல" என்றார். "அதை வச்சுத்தான் சார் உங்கள நீங்கன்னு நம்புவாங்க" என்றேன். கோபித்துக்கொண்டு போய்விட்டார். என்னைப் பார்த்தால் எல்லோருக்கும் முகத்தைத் துடைத்துவிடுகிறவள் என்று நினைப்பு. உனக்கும்தான்.

நீ திருப்பி அனுப்பிய அம்மா படம் கட்டுப் பிரிக்காமல் அலமாரி மேலேயே இருக்கிறது. கன்னத்துத் தழும்பை எடுத்துவிட்டேன் என்பதற்காக, "இது அம்மா இல்ல, உன் கடைக்கு வந்த யாரோ" என்று துண்டுச் சீட்டு எழுதிச் சணல் கட்டி அனுப்பினாயே. அந்த முடிச்சை அவிழ்க்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

பெரிசு


நவம்பர் 14

அக்கா,

ரிங் வாங்கி மாட்டினேன். சுணையில் உரசவில்லை, சத்தியமாக.

இலை நரம்பு, சுணை, பேன் கட்டிய வலை எல்லாம் அழகாக வருகின்றன. பேன் மட்டும் இப்போது கால் முளைத்த சிவப்புப் புள்ளி. முன்னேற்றம்தான். ஆராய்ச்சி நிலையத்துக்காரருக்கு அனுப்பினேன். "இது யார் வேண்டுமானாலும் இருக்கலாம்" என்று பதில் போட்டிருக்கிறார்.

முதலாளி நேற்றுக் குடில் வாசலில் வெறும் சாக்குகளை அடுக்கிவிட்டுப் போனார். பிடுங்கிய கொடிகளை அடைத்து எடுத்துப் போகிற சாக்குகள் அவை.

இருநூறு தர மாட்டேன் என்று எழுதியிருந்தாய். கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதை எழுத இரண்டு தாள் கிழித்துப் போட்டுவிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அம்மா படத்தைப் பற்றி நான் சொன்னது சொன்னதுதான். அம்மாவுக்கு அந்தத் தழும்பு சலவைக் கூடத்தில் நீராவிக் குழாய் பட்டு வந்தது. நம் இருவரையும் அந்த வேலை பார்த்துத்தான் வளர்த்தாள். அதை நீ சுட்டியை நாலு தடவை தட்டி அழித்துவிட்டாய். அழகாக இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. அழகு யாருக்கு வேண்டும்? சுவரில் மாட்டிப் பார்த்தேன். அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள், யாரென்று தெரியவில்லை. அந்த வலியில் அனுப்பினேன். சணல் முடிச்சு மட்டும் தப்பு, கொஞ்சம் அதிகப்படியாக இறுக்கிவிட்டேன்.

சுண்டு


நவம்பர் 19

சுண்டு,

பார்சலில் இருநூறு இருக்கிறது. கடன்தான். எதுவும் எழுதாதே, படி.

ஒன்று, லென்ஸ் இரண்டையும் இணைக்கிற வளையம் கடையில் இல்லை. லென்ஸ் முகத்தில் மாட்டுகிற பழைய ஃபில்டர் இரண்டின் கண்ணாடியை உடைத்துவிட்டு, வெறும் சட்டங்களை முகத்துக்கு முகம் ஒட்டி நானே செய்திருக்கிறேன். இரண்டு டியூப் கலந்து ஒட்டுகிற பசை. ஒரு நாள் முழுக்கக் காயவைத்தேன். இருந்தாலும் மேலே நாடா சுற்றி வை. ஐம்பது கழன்று விழுந்தால் நீ அங்கேயே இருந்துகொள், ஊர்ப்பக்கம் வராதே.

அடுத்தது, இரண்டு லென்ஸிலும் ஃபோகஸ் வளையத்தைக் கடைசித் தூரத்துக்குத் திருப்பிவிடு. ஐம்பதின் அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து வை. அதை மூடினால் படத்தின் ஓரமெல்லாம் கறுத்து, ஓட்டை வழியாகப் பார்த்த மாதிரி ஆகிவிடும். குறைக்க வேண்டியதை இருநூறில் குறை.

லென்ஸுக்கும் இலைக்கும் நடுவில் மூன்று விரல் இடம்தான் இருக்கும். லென்ஸின் நிழலே இலைமேல் விழும். வெளிச்சத்தைப் பக்கத்திலிருந்து கொடு. தாள் கோப்பையின் அடியை வெட்டி இலையைச் சுற்றி நிறுத்தி, வெளியிலிருந்து டார்ச் அடி. வெளிச்சம் மெத்தென்று விழும்.

அப்புறம் ஃபோகஸ் வளையத்தைத் தொடாதே. இந்த அளவில் அது உதவாது. கேமராவை அப்படியே விட்டுவிட்டு இலையை நகர்த்து. தாள் கனம் நகர்ந்தால்கூடப் படம் போய்விடும். ஒரு படத்தில் ஒரு முடியளவு ஆழம்தான் தெளிவாக இருக்கும். அதனால் நகர்த்தி நகர்த்தி நிறைய எடுத்து மெமரி கார்டை எனக்கு அனுப்பு. தெளிவான இடங்களை மட்டும் சேர்த்து ஒரே படமாக்க என் கம்ப்யூட்டரில் வழி இருக்கிறது.

ஓடுகிற பேனை எப்படி நிறுத்துவது என்று என்னைக் கேட்காதே. உன் தலைப் பேனையே என்னால் நிறுத்த முடியவில்லை.

பள்ளிக்கூட விழாவுக்கு இன்னொரு ஸ்டூடியோக்காரரிடம் லென்ஸ் இரவல் வாங்கிக்கொண்டேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, எதையோ சாதித்துவிட்ட மாதிரி. உன்னால்தான்.

பெரிசு


நவம்பர் 27

அக்கா,

கார்டு இதோ. நீ பார்ப்பதற்கு முன்னால் இதை எப்படி எடுத்தேன் என்று சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

தாள் கனம் நகர்த்து என்றாய். என் கைக்குத் தாள் கனம் தெரியாது, மண்வெட்டி கனம்தான் தெரியும். புத்தகம் அடுக்கித் தள்ளிப் பார்த்தேன். மேசை டிராயரில் இலையைக் குத்தி, டிராயரை மெல்ல இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் சரிவரவில்லை. அப்புறம் பண்ணைப் பட்டறையில் இரும்பைக் கடித்துப் பிடிக்கிற வைஸ் கண்ணில் பட்டது. அதன் கைப்பிடியைச் சுற்றினால் ஒரு தாடை நகரும் அல்லவா? அந்தத் தாடையில் இலையைப் பின்னால் நாடா போட்டு ஒட்டினேன். கைப்பிடியைக் கொஞ்சம் திருப்பினால் இலை கண்ணுக்குத் தெரியாத அளவு நகர்கிறது. பட்டறைக்காரர் பார்த்துவிட்டு, "இலைக்கு ரம்பம் போடப் போறியாம்மா?" என்று கேட்டார். அவருக்கும் காட்டினேன். திரையைப் பார்த்தவர் தன் சட்டைக் கையைத் தட்டிவிட்டுக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

ஓட்டத்துக்கும் வழி கிடைத்தது. இலையைக் கொஞ்ச நேரம் குளிர்பெட்டியில் வைத்து எடுத்தால் பேன் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. சூடு ஏறுவதற்குள் எடுத்துவிட வேண்டும். அதிர்வு இல்லாமல் இருக்க ஹீட்டர் விசிறியை நிறுத்தினேன், கை படாமல் எடுக்கக் கேமராவில் டைமர் போட்டேன், யாரும் நடக்கக்கூடாது என்று கதவில் எழுதி ஒட்டினேன். முதலாளி எட்டிப் பார்த்தார். மூச்சுகூட விடவில்லை, பாவம்.

கேமராவின் சின்னத் திரையில் ஒரு கால் தெரிகிறது, அடுத்த படத்தில் இன்னொரு கால். மொத்தமாக ஒரு உருவம் தெரியவில்லை. அதை நீதான் சேர்க்க வேண்டும்.

எனக்குச் சந்தேகமே இல்லை, அக்கா. தினம் பார்க்கிறேன். சிவப்பானவை பெருகியிருக்கின்றன. முதலாளியிடம் தவணை கேட்டு, ஆராய்ச்சி நிலையத்துக்காரர் பதில் வரும்வரை பிடுங்க மாட்டேன் என்று வாக்கு வாங்கிவிட்டேன். நிலையத்துக்காரர் சொல்கிறபடிதான் முடிவு, நானும் மறுபேச்சுப் பேசக்கூடாது என்று முதலாளியும் என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். சந்தோஷமாகக் கொடுத்தேன்.

நன்றி என்று எழுதினால் பழிப்பாய். எழுதவில்லை.

சுண்டு


டிசம்பர் 2

அடியே சுண்டு,

நீ எடுத்ததைப் பார்த்து நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன்.

வாழ்க்கை முழுக்க முகம் எடுத்தவள் நான். இப்படி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை. படங்களைச் சேர்க்கக் கம்ப்யூட்டர் மத்தியானம் பூராவும் முக்கி முனகியது. கடைசியில் திரையில் வந்து உட்கார்ந்தது பார், ராஜா மாதிரி! உருண்டை உடம்பு, ஆரஞ்சுச் சிவப்பு, கண்ணாடிக் குமிழ் மாதிரி இரண்டு பக்கமும் கண். முதுகில் நீள நீளமான முடி, வரிசை வரிசையாக. ஒவ்வொரு முடியும் வேரிலிருந்து நுனிவரை தனித்தனியாகத் தெரிகிறது. எண்ணலாம், அவ்வளவு தெளிவு. என் கடையில் கல்யாணப் பெண்ணின் புருவம்கூட இவ்வளவு சுத்தமாக வந்ததில்லை.

ஏழெட்டுப் பேன்களை எடுத்திருக்கிறாய். எல்லாவற்றையும் சேர்த்துவிட்டேன். எல்லாம் ஒரே ஜாடை, ஒன்றைத் தவிர. அது மட்டும் வழவழவென்று, கால் நீளமாக, கொஞ்சம் ஒல்லியாக இருக்கிறது. நோஞ்சான் போலிருக்கிறது. அதை விட்டுத்தள்ளு. முடிக்காரனைப் பெரிய தாளில் அச்சுப் போட்டு அனுப்பியிருக்கிறேன். ஃபைல்கள் கார்டில் இருக்கின்றன. ஆராய்ச்சி நிலையத்துக்காரர் வாயைப் பிளக்கப் போகிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அம்மா படம் இருக்கிற அந்தக் கட்டைப் பிரித்துவிட்டேன். அவிழ்க்க முடியவில்லை, வெட்டினேன்.

பெரிசு


டிசம்பர் 5

அக்கா,

இதைச் சீக்கிரம் எழுதிவிடுகிறேன். யோசித்தால் எழுத மாட்டேன்.

ஆராய்ச்சி நிலையத்துக்காரர் முதலிலேயே ஒன்று சொல்லியிருந்தார். தேவைப்படாது என்று நினைத்து உனக்கு எழுதவில்லை. குளிர் வந்து பகல் குறைந்தால், கெட்ட பேனும் சிவப்பாக மாறுமாம். தீனியை நிறுத்திவிட்டு இடுக்கில் ஒளிந்து குளிர் கழிக்கத் தயாராகிற நிறம் அது. அதனால் நிறத்தை நம்பாதீர்கள், முதுகைக் காட்டுங்கள் என்றார். நல்ல பேனின் முதுகு வழவழவென்று இருக்கும். முதுகில் வரிசை வரிசையாக நீள முடி இருந்தால் கெட்ட பேன்.

நீ நோஞ்சான் என்றாயே, அதுதான் என் ஆள். ஏழெட்டில் ஒன்று. மீதி எல்லாம் ராஜாக்கள்.

ஒவ்வொரு நாளும் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். என் ஆட்கள் பெருகுகிறார்கள் என்று காலையில் அதுகளிடம் பேசிக்கூட இருக்கிறேன். பார்த்தது எல்லாம் நான் பார்க்க ஆசைப்பட்டது.

இன்னும் படத்தை அனுப்பவில்லை. நோஞ்சான் படத்தை மட்டும் அனுப்பலாம். ஆனால் ஒன்றே ஒன்று போதாது, நாலைந்து வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அதனால் கேட்கிறேன். முடிக்காரர்கள் நாலு பேரின் முதுகைச் சுத்தம் செய்து அனுப்பு. இன்னும் கொஞ்ச நாள் கிடைத்தால் முதல் வரிசைக் காய் விதைக்குப் பழுத்துவிடும். அது போதும் எனக்கு. அதற்கப்புறம் எரித்துக்கொள்ளட்டும்.

அம்மா கன்னத்தையே துடைத்தவள் நீ. உனக்கு நாலு முடி பெரிதா?

சுண்டு


டிசம்பர் 8

சுண்டு,

கடைசி வரியைப் படித்துவிட்டுக் கடையைச் சாத்தினேன். சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன்னிடம் சொல்லக்கூடாது என்று அம்மா சொன்னாள். இதுவரை நானும் சொல்லவில்லை. நீ என்னென்னவோ பேசினாய், வாங்கிக்கொண்டேன். இன்றைக்கு என்னால் முடியவில்லை.

அம்மா நடக்க முடிந்த கடைசி மாதம் அது. ஒரு நாள் தானாகவே ஸ்டூடியோவுக்கு வந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். "ஒரு படம் எடுடி" என்றாள். எடுத்தேன். எப்போதும் இடது கன்னத்தை ஒளிப்பவள், அன்றைக்கு நேராகப் பார்த்து உட்கார்ந்தாள். எடுத்து முடித்ததும் என் பக்கத்தில் வந்து, "இது இல்லாம நா எப்படி இருப்பேன்னு ஒரு தடவ பாக்கணும்" என்றாள். நீ சொன்ன மாதிரி நாலு தடவை தட்டி முடிகிற வேலை இல்லை. சாயங்காலம்வரை ஆனது. அந்தப் பக்கத்தில் தோல் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கும் தெரியாதே. முடித்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். "நல்லாத்தான் இருந்திருக்கேன்" என்றாள். அவ்வளவுதான். அழவெல்லாம் இல்லை. "இதையே வீட்டுல மாட்டுங்க. சின்னவகிட்ட நா கேட்டேன்னு சொல்லாத. அவளுக்கு என் மொகம் இப்படியே புடிக்கும், எதுக்கு அவளைக் கஷ்டப்படுத்தணும்?" என்றாள்.

உன் வீட்டிலுள்ள பழைய படங்களை எடுத்துப் பார். நீ கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்த படம் எல்லாவற்றிலும் உன்னை இடது பக்கம்தான் தூக்கியிருப்பாள். உன் கன்னத்தைத் தன் கன்னத்தோடு ஒட்டி வைத்திருப்பாள். கேமராவைப் பார்த்ததும் அந்தக் கை தானாக உன்னை இழுத்துக்கொள்ளும், நான் பார்த்திருக்கிறேன். மறைக்கத்தான் செய்தாள். உன்னைக் கொஞ்சத்தான் செய்தாள். இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இப்போது உன் பேன். படத்தில் இருக்கிறவர் கேட்டால் எடுப்பேன். படத்தைப் பார்க்கிறவர் ஏமாறுவதற்காக எடுக்க மாட்டேன். கடை திறந்த நாளிலிருந்து இதுதான் என் வழக்கம். அதனால்தான் மச்சக்காரர் கோபித்துக்கொண்டு போனார். உன் ராஜா உன்னிடம் வந்து, "தாயே, என் முதுகைக் கொஞ்சம் சுத்தம் செய், வெட்கமாக இருக்கிறது" என்று கேட்டானா? கேட்டிருந்தால் சொல், செய்து தருகிறேன்.

உன் கொடிகளுக்காக எனக்கு நிஜமாகவே துக்கமாக இருக்கிறது. முதல் வரிசையை நான் பார்த்ததே இல்லை. பார்த்திருக்க வேண்டும்.

ஃபைல்கள் உன்னிடம் இருக்கின்றன. அனுப்புவதும் அனுப்பாததும் உன் இஷ்டம்.

அக்கா


டிசம்பர் 20

அக்கா,

உன் கடிதம் வந்த அன்றே அனுப்பிவிட்டேன். எல்லாப் படங்களையும், முடியோடு. ஆராய்ச்சி நிலையத்துக்காரர் ஒரு மணி நேரத்தில் பதில் போட்டார். "இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் அனுப்பியதில்லை, வருந்துகிறேன்" என்று ஒரே வரி. அதற்குக் கீழே, சிவப்பான பிறகு இதுகள் இலையைவிட்டு இறங்கிச் சட்டத்தின் விரிசலிலும் குழாய் முட்டிலும் ஒளியும், வெறும் புகைக்குச் சாகாது, சுரண்டி எடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். முதலாளி அச்சடித்த படத்தை முதல் குடிலுக்கும் இரண்டாம் குடிலுக்கும் எடுத்துப் போய் ஆட்களிடம் காட்டினார். "இந்த மூஞ்சியத் தேடுங்க." இரண்டாம் குடிலின் கதவு இடுக்கில் கொஞ்சம் கிடைத்தன. இலைக்கு இன்னும் ஏறவில்லை. நான் சொல்லாமல் இருந்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

முதல் வரிசையை நானே வெட்டினேன். வேறு யாரையும் தொடவிடவில்லை. காய்களெல்லாம் பச்சையாக இருந்தன. ஒன்றை அறுத்துப் பார்த்தேன், விதை பால்போல இருந்தது. முளைக்காது. கடைசி வரிசையில் முன்பே பழுத்திருந்த சில காய்களிலிருந்து மட்டும் விதை எடுத்துக் கழுவித் தட்டில் காயவைத்திருக்கிறேன். அவை முதல் வரிசை அளவுக்கு நல்லவை இல்லை. ஆனால் அதே வம்சம். முதலாளி வந்து தட்டைப் பார்த்துவிட்டு, "காலி குடிலு எத்தனை நாள் காலியா கிடக்கும்? வெயில் வரட்டும்" என்றார். அவ்வளவு இதமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. சாக்கு மூட்டைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதுவிட்டு வந்தேன்.

இப்போது லென்ஸ். இருநூறை அனுப்பலாம் என்று கழற்றப் பார்த்தால் உன் வளையம் இறுகிவிட்டது. பசை கசிந்து திருகுக்குள் போயிருக்க வேண்டும். பட்டறைக்காரரிடம் கொடுத்தேன். "வைஸுல வச்சு ஒரே முறுக்கு முறுக்கட்டுமா?" என்றார். பிடுங்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன். இரண்டும் மூக்கோடு மூக்கு ஒட்டிக்கொண்டு என் மேசைமேல் உட்கார்ந்திருக்கின்றன, மூடி போட்டுத்தான் வைத்திருக்கிறேன். நீ செய்த வளையம், நீயே வந்து கழற்று. காலிக் குடிலில் ஒன்றும் இல்லைதான், இருந்தாலும் வா.

வரும்போது அந்தப் படத்தைக் கொண்டு வா. தழும்பு இல்லாத படத்தை. அதை மாட்டியிருந்த ஆணி இன்னும் சுவரில் அப்படியே இருக்கிறது. போன தடவை நான் யாரோ என்று நினைத்தேன். அம்மா சாயங்காலம்வரை காத்திருந்து பார்த்த முகம் அது. அதற்கு இந்த வீட்டில் இடம் இல்லை என்று சொல்ல நான் யார்?

தழும்பு உள்ள படம் உன்னிடம் இருக்கும், தெரியும். அது எனக்கு வேண்டாம், அக்கா. அந்தத் தழும்பு என் கன்னம் பட்டுக்கொண்டே இருந்த இடம், அதற்குப் படம் எதற்கு?

சுண்டு